ஊசி போன ஊருக்கெல்லாம் திரும்பிப் போனாங்க: எகிப்துல ஹெபடைடிஸ் சி அடங்கின கதை

1964ல எகிப்துல பில்ஹார்சியாங்கிற புழு நோய்க்கு ஊசி போடுறதைப் பக்கத்துல நின்னு பார்த்த ஒருத்தர் எழுதி வச்ச குறிப்பு ஒண்ணு இருக்கு. காலைல 9.20க்கு ஊசி போட ஆரம்பிச்ச டாக்டர் 10.10க்குள்ள 504 பேருக்குப் போட்டு முடிச்சிருக்கார், ஆம்பள பொம்பள சின்னப் பிள்ளைங்க எல்லாம் சேர்த்து. நடுவுல பத்து நிமிஷம் ரெஸ்ட் வேற எடுத்திருக்கார். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு ஆளுக்கு அஞ்சு செகண்டு கூட இல்ல. குத்தின சிரிஞ்சு ஒரு தட்டுல விழும், நர்ஸ் அதை எடுத்துக் கழுவி ஒண்ணு ரெண்டு நிமிஷம் கொதிக்கவச்சு இன்னொரு தட்டுல வைப்பாங்க, டாக்டர் அதுல இருந்து எடுத்து அடுத்த ஆளுக்குக் குத்துவார். எழுதினவர் இதைக் குறையா எழுதல, கைதேர்ந்த டாக்டர்னு மெச்சித்தான் எழுதியிருக்கார்.

நான் லேப் டெக்னீஷியன். 14 வருஷமா ரத்தம் எடுக்குறதும் டெஸ்ட் போடுறதும்தான் வேலை. அந்தக் குறிப்பை முதல் தடவ படிச்சப்போ "ஒண்ணு ரெண்டு நிமிஷம்"ங்கிற இடத்துலயே நின்னுட்டேன், அதுக்கு மேல படிக்க ஓடல. ஏன்னா எங்க ஊர்லயும் ஒரு கம்பவுண்டர் சைக்கிள்ல வருவார், ஸ்டீல் டப்பால கண்ணாடி சிரிஞ்சு ரெண்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்ல தண்ணி கொதிக்கும், அந்த ஆவியும் ஸ்பிரிட் வாசமும் சேர்ந்து வந்தாலே நாங்கெல்லாம் அழ ஆரம்பிச்சுருவோம். அவர் எவ்வளவு நேரம் கொதிக்கவச்சார்னு யாரு பார்த்தா.

அந்த ஊசி வழியா எகிப்துல ஹெபடைடிஸ் சிங்கிற ஈரலைக் கெடுக்குற வைரஸ் பரவினதையும் பின்னாடி அது அடங்கினதையும் முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன். மருந்து விலை குறைஞ்சதைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு அதை விடப் பெருசா தெரியுறது அதுக்கப்புறம் நடந்தது, மருந்து கையில இருந்தும் சாப்பிட ஆள் வராத அந்த ஒரு கட்டமும் அதை அவங்க தாண்டின விதமும். ஏழை நாட்டுல வைத்தியம் எல்லாருக்கும் போய்ச் சேரணும்னு பேசுற யாரும் அந்த இடத்தை உத்துப் பார்க்கணும்.

நோயைத் தீர்க்கப் போன ஊசி

பில்ஹார்சியாங்கிறது தண்ணியில வர்ற ஒரு புழு நோய். நைல் நதி வாய்க்கால்ல இருக்குற ஒரு வகை நத்தைக்குள்ள அந்தப் புழு வளரும், வயல் வேலைக்கோ துணி துவைக்கவோ குளிக்கவோ தண்ணில இறங்கினா தோல் வழியா உள்ள போயிரும். அப்புறம் சிறுநீர்ல ரத்தம், ஈரல் வீக்கம். அந்த நாட்டுக்கு இது ஆயிரக்கணக்கான வருஷப் பழசு, மம்மியோட சிறுநீரகத்துலயே முட்டை கிடைச்சிருக்கு. 1851ல கெய்ரோவுல புழுவைக் கண்டுபிடிச்சவர் தியோடர் பில்ஹார்ஸ்ங்கிற ஜெர்மன் டாக்டர், அவர் பேர்தான் நோய்க்கு வந்துச்சு. விவசாயம் பண்ற நாட்டுல பாதி உழைப்பாளிங்க இதோட நடமாடினா எந்த அரசாங்கம்தான் சும்மா இருக்கும். 1950கள்ல இருந்து கிராமம் கிராமமா போய் ஊசி போட ஆரம்பிச்சாங்க.

மருந்து பேரு டார்ட்டர் எமெடிக், ஆண்டிமணி கலந்த உப்பு. அதைச் சதையில போட முடியாது, நேரா ரத்த நாளத்துலதான் ஏத்தணும், ஒரு தடவ போட்டாலும் தீராது, வாரத்துக்கு ஒண்ணுன்னு 12ல இருந்து 16 ஊசி வரைக்கும் போகும். வாந்தியும் இருமலும் படுத்தி எடுக்கும். வருஷத்துக்குச் சராசரியா ரெண்டரை லட்சம் பேருக்கு 20 லட்சம் ஊசிக்கு மேல போட்டிருக்காங்க, 80கள் தொடக்கத்துல பிராசிக்வாண்டல் மாத்திரை வர்ற வரைக்கும். ஒருத்தருக்கு ஒரு ஊசின்னா கூட பரவால்ல, ஒரே ஆள் 12 தடவ அதே வரிசையில வந்து நிக்குறான், ஒவ்வொரு தடவயும் வேற யாரோட ரத்தமோ ஒட்டின ஊசி, அதுவும் நேரா நாளத்துக்குள்ள. கூட்டத்துல நாலு பேருக்கு வைரஸ் இருந்தா போதும், சீசன் முடியுறதுக்குள்ள பாதி வரிசைக்குப் போயிரும். ஒரு வைரஸைப் பரப்பணும்னு உக்காந்து யோசிச்சா கூட இதை விட நல்ல வழி கிடைக்காது.

ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடிச்சதே 1989ல. அதனால அன்னைக்கு ஊசி போட்டவங்க மேல முழுப் பழியையும் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. ஆனா "தெரியாம நடந்துச்சு"ன்னு மொத்தமா கழுவிவிடவும் முடியாது, ஊசி வழியா காமாலை பரவும்னு ரெண்டாம் உலகப் போர் காலத்துலயே டாக்டர்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவசரம் ஜெயிச்சிருக்கு, அதான் உண்மை.

இந்த வைரஸ் சத்தம் போடாது. 20 வருஷம் 30 வருஷம் ஈரல்லயே உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா தழும்பு ஏத்திட்டே இருக்கும், ஆளு நடப்பான் உழைப்பான் கல்யாணம் பண்ணுவான், ஒருநாள் வயிறு தண்ணி கோத்து வீங்கும், இல்ல ரத்த வாந்தி எடுப்பான், அப்பதான் தெரியும். 2008ல எகிப்துல நாடு முழுக்க எடுத்த சர்வேல 15 வயசுல இருந்து 59 வரைக்கும் உள்ளவங்கள்ல நூத்துக்கு 14.7 பேருக்கு ஆன்டிபாடி, அதாவது வைரஸ் எப்பவாவது உள்ள வந்ததுக்கு உடம்பு செஞ்சு வச்ச எதிர்ப்புப் பொருள், இருந்துச்சு, கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருத்தர். 9.8 பேருக்கு வைரஸே ரத்தத்துல ஓடிட்டு இருந்துச்சு. நைல் டெல்டா பக்கம் கிராமங்கள்ல வயசானவங்கள்ல இன்னும் அதிகம், அந்த வயசுக்காரங்கதான் சின்ன வயசுல அந்த வரிசையில நின்னவங்க. நாலு பேர் இருக்குற வீட்டுல ஒருத்தருக்காவது ஈரல் வியாதிங்கிறது அங்க சாதாரணம்.

விலை இறங்கின விதம்

2006ல அரசாங்கம் இதுக்குன்னு ஒரு தேசியக் கமிட்டி போட்டாங்க, ஈரல் டாக்டர் வாஹித் தோஸ் தலைமையில. மாவட்டங்கள்ல ஈரல் சிகிச்சை மையங்கள் வரிசையா திறந்தாங்க. அப்போ இருந்த வைத்தியம் இன்டர்ஃபெரான், வாரம் ஒரு ஊசின்னு 48 வாரம், கூட ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், முடி கொட்டுறது, ரத்த அணு குறையுறது, மனசு ஒடிஞ்சு போறது, இவ்வளவையும் ஒரு வருஷம் தாங்கினா பாதிப் பேருக்குத்தான் குணமாகும். ஊசியால வந்த வியாதிக்கு மறுபடியும் 48 ஊசின்னு அந்த ஜனங்க எப்படி எடுத்துக்கிட்டிருப்பாங்கன்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கு. உள்ளூர்லயே இன்டர்ஃபெரான் தயாரிச்சு விலையைக் குறைச்சாங்க, சில லட்சம் பேருக்கு அரசு செலவுலயே கொடுத்தாங்க, ஆனா நோயாளிங்க எண்ணிக்கை பல லட்சம், அதுல பாதி தோல்வின்னா கடல்ல பெருங்காயம் கரைச்ச மாதிரிதான்.

2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது. தினம் ஒரு மாத்திரை, 12 வாரம், ஊசியே இல்லாத வைத்தியத்துக்கு வழி திறந்துச்சு. விலை? ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். இதைக் கேட்ட ஒரு எகிப்து விவசாயியோட மனசு எப்படி இருந்திருக்கும். அதே நேரம் 2014 பிப்ரவரியில அந்த நாட்டு ராணுவமே எய்ட்ஸையும் ஹெபடைடிஸ் சியையும் குணமாக்குற மெஷின் கண்டுபிடிச்சுட்டோம்னு டிவில அறிவிச்சுது, விஞ்ஞானிங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க, நோயாளிங்க நம்பிக் காத்திருந்தாங்க, சொன்ன தேதி வந்தப்போ தள்ளிப் போட்டாங்க, மெஷின் வரவே இல்ல. காத்திருந்தவங்களுக்கு அந்த மாசங்களை யாரு திருப்பிக் கொடுப்பா.

நல்லவேளை கமிட்டிக்காரங்க மெஷினுக்குக் காத்திருக்கல. மருந்து கம்பெனியான கிலியட் கூட உக்காந்து பேரம் பேசினாங்க, 28 நாள் பாட்டில் 300 டாலர், 12 வாரத்துக்கு 900ன்னு 2014ல முடிஞ்சுது. அமெரிக்க விலையில நூத்துல ஒரு பங்கு. பேரம் பேசத் தெம்பு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஒண்ணு ஆள் கணக்கு, உலகத்துலயே இந்த நோய் இவ்வளவு அடர்த்தியா இருந்த நாடு அதுதான், இன்னொண்ணு அந்த நாட்டு பேடன்ட் ஆபீஸ் சோஃபோஸ்புவிருக்கு பேடன்ட் தரல, அதனால "நீங்க தராட்டி நாங்களே செய்வோம்"னு சொல்ற இடத்துல அவங்க இருந்தாங்க.

ஆனா அந்த 900 டாலர் மருந்தோட ஒரு கெடுபிடியும் வந்துச்சு. மலிவு பாட்டில் வெளிநாட்டுக்குக் கடத்தப்படக் கூடாதுன்னு, நோயாளி பார்மசிஸ்ட் முன்னாடியே சீலை உடைச்சு முதல் மாத்திரையை அங்கயே முழுங்கணும், அடுத்த பாட்டில் வேணும்னா காலி பாட்டிலைக் கொண்டு வந்து காட்டணும். ஏழைக்கு மருந்து கொடுக்கும்போதே திருடனைப் பார்க்குற மாதிரி பார்க்குறது எனக்குப் பிடிக்கவே இல்ல. அடுத்த வருஷமே, 2015ல, எகிப்து கம்பெனிங்களே மாத்திரை தயாரிக்க இறங்கினாங்க, ஒண்ணுக்குப் பல கம்பெனி போட்டிக்கு வந்துச்சு, விலை சரசரன்னு இறங்குச்சு, அந்த சீல் உடைக்கிற சடங்கும் தேவையில்லாம போச்சு. சோஃபோஸ்புவிர் கூட டக்ளாடாஸ்விர் சேர்த்து 12 வாரம், ஈரல் ரொம்பக் கெட்டவங்களுக்கு ரிபாவிரினும் சேர்த்து, இதான் வழக்கமான வைத்தியமா மாறுச்சு.

எச்ஐவி கதை தெரிஞ்சவங்களுக்கு இது பழகின பாதைதான். 2001 பிப்ரவரியில நம்ம மும்பை மருந்து கம்பெனி சிப்லா மூணு மருந்து சேர்ந்த எச்ஐவி சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர்றோம்னு சொன்னப்போ, அதுவரைக்கும் பத்தாயிரம் டாலருக்கு மேல இருந்த விலை ஆட்டம் கண்டுச்சு. போட்டிக்கு ஜெனரிக், அதாவது அதே மருந்தை மத்த கம்பெனிங்க செஞ்சு விக்குறது, வந்தா விலை விழும், அந்தப் பாடத்தை எச்ஐவிதான் சொல்லிக் கொடுத்துச்சு. ஒரே வித்தியாசம், எச்ஐவிக்கு ஆயுசு முழுக்க மாத்திரை, ஹெபடைடிஸ் சிக்கு 12 வாரத்தோட முடிஞ்சுது, வைரஸே உடம்புல இருக்காது.

வரிசை தீர்ந்துச்சு, நோய் தீரல

2014 செப்டம்பர்ல மருந்துக்குப் பேர் பதிய வெப்சைட் திறந்தாங்க. சில நாள்லயே லட்சக்கணக்குல பேர் பதிஞ்சுது. வருஷக்கணக்கா ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு காத்திருந்தவங்க அவ்வளவு பேர். முதல்ல ஈரல் மோசமா இருந்தவங்களுக்குக் கொடுத்தாங்க, மாத்திரை பெருகப் பெருக எல்லாருக்கும்னு ஆச்சு. 2016 நடுவுல அந்தக் காத்திருப்புப் பட்டியலே காலி.

இங்கதான் நான் மேல சொன்ன இடம் வருது. நாட்டுல இன்னும் பல லட்சம் பேர் ரத்தத்துல வைரஸ் ஓடுது, மருந்து மலிவா இருக்கு, உள்ளூர்லயே செய்யுறாங்க, பெரும்பாலான ஜனங்களுக்கு இலவசம், டாக்டர் இருக்கார், மையம் இருக்கு, ஆனா ஆள் வர்றது குறைஞ்சுகிட்டே போகுது. ஏன்னா முதல் வரிசையில வந்தவங்க எல்லாம் தனக்கு நோய் இருக்குன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்க. மீதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, கொஞ்சம் அசதி, அதை யாரு கணக்குல எடுப்பா. கூலிக்குப் போறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஒண்ணுமே பண்ணாத உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரி போவானா? நம்ம ஊர்ல போவோமா? ஃப்ரீ மருந்துன்னு போர்டு வச்சா போதும்னு நினைக்குறவங்களுக்கு இதான் பதில்.

இதுக்கு ஒரு வழியை டெல்டாவுல ஒரு கிராமத்துல முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. தகாலியா மாகாணத்துல ஷெர்பின்ங்கிற ஊர்ல ஒரு ஈரல் ஆஸ்பத்திரி, அதை நடத்துற டாக்டர் கமால் ஷிஹாவும் அவரோட ஆளுங்களும் அல் ஒத்மானியாங்கிற கிராமத்தை எடுத்துக்கிட்டு, "சொல்லிக் கொடு, டெஸ்ட் பண்ணு, வைத்தியம் பண்ணு"ன்னு மூணையும் கிராமத்துலயே வச்சாங்க. பேசினது டாக்டர் இல்ல, அந்த ஊர்க்காரங்களே. தெரிஞ்ச முகம் வந்து சொன்னா ஜனம் நம்பும். நோய் எப்படி வருது, யாருக்கு இருக்கலாம், எதால வராதுன்னு வீடு வீடா சொன்னாங்க, ஒரே தட்டுல சாப்பிட்டா வராதுன்னு சொல்றதுக்கே பாதி நேரம் போயிருக்கும். ஊர்க்காரங்க காசும் போட்டாங்க. தகுதியுள்ள பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க டெஸ்டுக்கு வந்துட்டாங்க, வைரஸ் இருந்தவங்களுக்கு மருந்து, கிராமமே கிட்டத்தட்ட சுத்தமாச்சு. அப்புறம் இதையே 73 கிராமங்களுக்குக் கொண்டு போனாங்க.

என் அபிப்பிராயத்துல மொத்தக் கதையோட அச்சாணி இந்தக் கிராமம்தான். பேப்பர்ல பேர் வந்தது பின்னாடி நடந்த பெரிய கேம்பெயினுக்கு, ஆனா இது முடியும்னு காட்டினது அந்த ஊர்க்காரங்க.

ஏழு மாசத்துல அஞ்சு கோடி விரல்

2018 அக்டோபர் 1ஆம் தேதி "10 கோடி ஆரோக்கியம்"ங்கிற பேர்ல நாடு முழுக்க ஆரம்பிச்சாங்க. 18 வயசுக்கு மேல உள்ள 6 கோடியே 25 லட்சம் பேர் இலக்கு, வாக்காளர் பட்டியலை வச்சுத்தான் ஆள் கணக்கே எடுத்தாங்க. 27 மாகாணத்தையும் மூணு கட்டமா பிரிச்சாங்க. ஆஸ்பத்திரி, கிராம சுகாதார நிலையம் மட்டும் இல்ல, வேன், ஃபேக்டரி, மசூதி, சர்ச், ரயில் ஸ்டேஷன், ஜனம் கூடுற எந்த இடமும் விடல. கூடவே பிரஷர், சுகர், எடையும் பார்த்தாங்க. அது ரொம்ப நல்ல யோசனைன்னு எனக்குத் தோணுது, "உனக்கு அந்த நோய் இருக்கா"ன்னு கூப்பிட்டா ஜனம் கூசும், "வா பிரஷர் பார்க்கலாம்"னு கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரும்.

டெஸ்ட் எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நான் தினமும் பண்றதுதான். விரல் நுனியில லான்செட்டால ஒரு குத்து, முதல்ல வர்ற துளியைத் துடைச்சுட்டு அடுத்த துளியைக் குட்டி டிராப்பர்ல உறிஞ்சி, நீளமா வெள்ளையா இருக்குற பிளாஸ்டிக் கிட்டோட குழியில விடணும், மேல ரெண்டு சொட்டு பஃபர். ரத்தம் இளஞ்சிவப்பா பரவி மேல ஏறுறது கண்ணுக்கே தெரியும். சி-னு போட்ட இடத்துல ஒரு கோடு வந்தா டெஸ்ட் சரியா வேலை செஞ்சிருக்கு, டி-னு போட்ட இடத்துல இன்னொரு கோடு வந்தா ஆன்டிபாடி இருக்கு. பதினஞ்சு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் எதிர்ல உக்காந்திருக்குற மனுஷன் உங்க மூஞ்சியையே பார்ப்பான், கோட்டைப் பார்க்க மாட்டான். இது எந்த மேனுவல்லயும் எழுதலை.

ஆன்டிபாடி கோடு வந்துட்டா நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல, எப்பவோ வந்து உடம்பே விரட்டியிருக்கலாம். அதனால அடுத்து பிசிஆர் போட்டு வைரஸ் இருக்கான்னு பார்க்கணும். எகிப்துல கோடு வந்தவங்களை உடனே பக்கத்து மையத்துக்கு அனுப்பினாங்க.

2019 ஏப்ரல் வரைக்கும் ஏழு மாசத்துல 4 கோடியே 96 லட்சம் பேர் வந்து கையை நீட்டியிருக்காங்க, இலக்குல 79 சதவீதம். அதுல 22 லட்சம் பேருக்கு ஆன்டிபாடி. அடுத்த கட்டத்துக்கு வந்தவங்கள்ல 11 லட்சத்து 48 ஆயிரம் பேருக்கு வைரஸ் உறுதி. அவங்கள்ல நூத்துக்கு 91.8 பேர் மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. முடிவு தெரிஞ்ச 4 லட்சத்து 66 ஆயிரம் பேர்ல 98.8 சதவீதம் பேருக்குக் குணம். மொத்தச் செலவு 20 கோடியே 71 லட்சம் டாலர்.

இனி நான் சொல்லப்போற ரெண்டு நம்பரைத்தான் எனக்குத் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். வைரஸ் உள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு ஆன செலவு 85 டாலர் 41 சென்ட். கண்டுபிடிச்சு குணமும் ஆக்க மொத்தமா ஆன செலவு 130 டாலர் 62 சென்ட். கழிச்சுப் பாருங்க, வைத்தியத்துக்கு ஏறத்தாழ 45 டாலர். ஆளைத் தேடுறதுக்கு ஆனது அதைப் போல ரெண்டு மடங்கு. 84,000 டாலர்ல ஆரம்பிச்ச மருந்து கடைசியில தேடுற செலவுல பாதின்னு வந்து நிக்குது. மருந்து விலைக்குப் போராடுறது தேவைதான், ஆனா விலை இறங்கின அன்னைக்கே பட்ஜெட்ல தேடுறதுக்குப் பணம் ஒதுக்கலைன்னா மாத்திரை குடோன்லயே காலாவதியாகும்.

அரசாங்கம் ஒரு காலத்துல கிராமம் கிராமமா போய் ஊசி போட்டுச்சு, நோயும் அதே வழியில போச்சு. அம்பது வருஷம் கழிச்சு அதே ஊருக்கெல்லாம் லான்செட்டும் கிட்டும் எடுத்துக்கிட்டு திரும்பப் போச்சு. நைல் கரையில ஒரு வாய்க்கால் ஓரக் கிராமத்துக்கு எப்படிப் போறதுன்னு அந்த அரசாங்கத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு, அந்தப் பாதையை ஜனங்களை வாழவைக்க ரெண்டாவது தடவ உபயோகப்படுத்தினாங்க, அதை நான் மனசாரப் பாராட்டுறேன். அது தர்மம் இல்ல, கடன். கடனைத் திருப்பிக் கொடுக்குற அரசாங்கம் உலகத்துல எத்தனை இருக்கு.

2023 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில தங்க நிலைக்கு வந்த முதல் நாடுன்னு எகிப்துக்குச் சான்று கொடுத்துச்சு. நோய் உள்ளவங்கள்ல 87 சதவீதம் பேரைக் கண்டுபிடிச்சாச்சு, அவங்கள்ல 93 சதவீதம் பேருக்கு மருந்து கொடுத்தாச்சு. பத்து சதவீதமா இருந்த நோய் 0.38 சதவீதத்துக்கு வந்துருச்சு.

கணக்குல ஒட்டாத ஆளுங்க

நல்லதைச் சொன்ன மாதிரி இதையும் சொல்லணும். மேல சொன்ன 11 லட்சத்து 48 ஆயிரம்ங்கிறது பிசிஆர் வரைக்கும் போனவங்கள்ல 76.5 சதவீதம். அதைத் திருப்பிப் போட்டா ஏறத்தாழ 15 லட்சம் பேர்தான் அந்தக் கணக்கு எடுத்த சமயத்துல ரெண்டாவது கட்டத்துக்கு வந்திருக்காங்க. கோடு வந்தது 22 லட்சம் பேருக்கு. நடுவுல அந்த ஏழு லட்சம் பேர்? சிலர் ஏற்கனவே மருந்து சாப்பிட்டவங்களா இருப்பாங்க, சிலர் பின்னாடி வந்திருப்பாங்க, ஆனா விரல்ல குத்துன இடத்துக்கும் மருந்து கொடுக்குற இடத்துக்கும் நடுவுல ஒரு பஸ் பயணம் இருந்தாலே ஆள் உதிரும், இதை நான் கண்ணால பார்த்துட்டுத்தான் இருக்கேன். எங்க லேப்லயே "நாளைக்கு வந்து பிசிஆருக்கு ரத்தம் கொடுங்க"ன்னு அனுப்பினவங்க எல்லாரும் வர்றதில்ல. ஒரே இடத்துல ஒரே நாள்ல முடிக்குற மாதிரி வழி செஞ்சா ஒழிய இந்த ஓட்டை அடைபடாது.

இன்னொண்ணு, குணமானாலும் கெட்டுப்போன ஈரல் அப்படியே பழைய நிலைக்குத் திரும்பிடாது. சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிப் போறது, வந்தப்புறம் வைரஸ் போனவங்களுக்கு ஈரல் புற்றுநோய் வர்ற ஆபத்து குறையுமே தவிர முழுசா போகாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் பார்த்துட்டே இருக்கணும். அந்த 1964 வரிசையில நின்ன குழந்தைங்க இன்னைக்கு தாத்தா பாட்டி. அவங்களை வருஷத்துக்கு ரெண்டு தடவ கூப்பிட்டு ஸ்கேன் பார்க்குறது பேப்பர்ல போட்டோ வர்ற வேலை இல்ல, ஆனா உசிரு அதுலதான் இருக்கு.

எச்ஐவியை இது கூட வச்சுப் பார்க்காம இருக்க முடியல. எகிப்துல எச்ஐவி ஆயிரம் பேருக்கு ஒருத்தருக்குக் கூட இல்ல. ஹெபடைடிஸ் சி நிறைய வீட்டுல இருந்துச்சு, மாமாவுக்கு, டீச்சருக்கு, பாட்டிக்கு, அதனால நாடே பேசுச்சு, மந்திரி பேசினார், மசூதியில பேசினாங்க. எச்ஐவி கொஞ்சம் பேருக்குத்தான்னு ஆனதால வெளிய சொல்ல முடியாத வியாதியா நின்னுருச்சு. ரெண்டும் ரத்தம் வழியா போறதுதான், ரெண்டுக்கும் மாத்திரை இருக்கு, ஆனா ஒண்ணை ரயில் ஸ்டேஷன்ல டேபிள் போட்டுப் பார்த்தாங்க, இன்னொண்ணை அப்படிப் பார்க்க முடியல. இந்த விஷயத்துல எனக்கு நம்ம ஊரு மேல ஒரு பெருமை உண்டு. 1986ல டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் சென்னையில எச்ஐவியை முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னப்போ யாருக்கும் பிடிக்கல, ஆனா சொன்னாங்க. 2004 ஏப்ரல் 1ல மத்திய அரசு இலவச எச்ஐவி மருந்து ஆரம்பிச்சப்போ தாம்பரம் சானடோரியமும் முதல் இடங்கள்ல ஒண்ணு. ஹெபடைடிஸ் சிக்கும் 2016ல பஞ்சாப் தனியா ஆரம்பிச்சுது, 2018 ஜூலை 28ல இருந்து நாடு முழுக்க இலவசத் திட்டம் இருக்கு. மருந்து இருக்கு. தேடிப் போற வேலையைத்தான் எகிப்து அளவுக்கு நாம இன்னும் எடுத்துக்கல.

ரெண்டு கோடு

கடைசியா ஒண்ணு. ஆன்டிபாடி வைரஸ் போனப்புறமும் ரத்தத்துலயே இருக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும். அதாவது குணமானவனுக்கும் ரேபிட் கிட்ல ரெண்டு கோடு வரும். எகிப்துல இருந்து லட்சக்கணக்குல பேர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்க, நம்ம ஊர்ப் பசங்க மாதிரியே. விசாவுக்கு முன்னாடி மெடிக்கல்ல எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூணும் பார்ப்பாங்க, பாசிட்டிவ்னா அன்ஃபிட்.

போன வருஷம் ஒரு பையன் எங்க லேபுக்கு வந்தான், வெல்டர், 27 வயசு இருக்கும். ஏஜென்ட்கிட்ட பணம் கட்டியாச்சு, மெடிக்கலுக்குப் போறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவ பார்த்துக்கலாம்னு வந்திருக்கான். "அண்ணே எனக்கு மூணு வருஷம் முன்னாடி ஹெபடைடிஸ் சி இருந்துச்சு, பெரியாஸ்பத்திரில ஃப்ரீயா மாத்திரை கொடுத்தாங்க, 12 வாரம் ஒரு நாள் விடாம சாப்பிட்டேன், சரியாயிருச்சுன்னு சொன்னாங்க"ன்னான். எப்படி வந்துச்சுன்னு அவனுக்கும் தெரியல. கிட் போட்டேன், அஞ்சாவது நிமிஷமே டி-ல கோடு அழுத்தமா விழுந்துருச்சு. அவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டு "இருக்காண்ணே"ன்னான். இல்லடா தம்பி, இது பழைய தழும்பு மாதிரி, வைரஸ் இருக்கான்னு வேற டெஸ்ட்லதான் தெரியும்னு சொல்லி பிசிஆருக்கு ரத்தம் எடுத்து அனுப்பினேன். மூணு நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு, வைரஸ் இல்லவே இல்ல.

ரிப்போர்ட்டையும் காய்ஞ்சு போன அந்தக் கிட்டோட போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டே இருந்தான். "அண்ணே, மெடிக்கல்ல அவங்க எதைப் பார்ப்பாங்க?"ன்னு கேட்டான். பிசிஆர் ரிப்போர்ட்ல மூணு ஜெராக்ஸ் எடுத்து சீல் போட்டு, பழைய ஆஸ்பத்திரி சீட்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொடுத்தேன், முதல்லயே இதைக் காட்டிடுன்னு சொன்னேன். அவங்க பார்த்தது கோட்டைத்தான். இப்போ இங்கயே ஒரு பட்டறையில வெல்டிங் பண்றான், வழியில பார்த்தா வண்டியை நிறுத்திப் பேசுவான், உடம்பு நல்லா இருக்கான்.